கல்குவியலின் கணக்கு

முதலில் ஒரு பிழைதிருத்தம். பல வருஷங்களுக்கு முன்பு, நண்பர்கள் பத்துப் பன்னிரண்டு பேர் கூடிய ஒரு மொட்டைமாடிக் கூட்டத்தில், ஜெர்மன் சிற்பி யோசஃப் பாய்ஸ் பற்றி ஒரு மணி நேரம் பேசினேன். பேச்சின் பெரும்பகுதி ஒரே ஒரு கதைதான். 1944இல் கிரிமியாவின் பனிவெளியில் ஜெர்மன் போர்விமானம் ஒன்று நொறுங்கி விழுகிறது. அதில் இருந்த இளைஞனைத் தாத்தார் நாடோடிகள் கண்டெடுத்து, உடம்பெங்கும் கொழுப்பைத் தடவி, கம்பளியில் சுருட்டி வைத்துப் பிழைக்க வைக்கிறார்கள். பின்னாளில் அவன் சிற்பியானபோது சலவைக்கல்லையும் வெண்கலத்தையும் விட்டுக் கொழுப்பையும் கம்பளியையும் தேனையும் மெழுகையும் தன் ஊடகங்களாக எடுத்துக்கொண்டது இதனால்தான். சொல்லச் சொல்ல எனக்கே மயிர்க்கூச்செறிந்தது. கேட்டவர்களுக்கும் அப்படித்தான் இருந்திருக்க வேண்டும், யாரும் இடைமறிக்கவில்லை.

விமானம் விழுந்தது வாஸ்தவம். 1944 மார்ச் 16. பாய்ஸ் அதில் ரேடியோ இயக்குபவராகவும் பின்பக்கத் துப்பாக்கிக்காரராகவும் இருந்தார். விமானி இறந்துபோனார். பாய்ஸைக் கண்டெடுத்தது ஜெர்மன் தேடுதல் படை. மறுநாளே ராணுவ மருத்துவமனையில் சேர்க்கப்பட்டு, மூன்று வாரம் அங்கே இருந்திருக்கிறார். கொழுப்பும் இல்லை, கம்பளிச் சுருட்டும் இல்லை. இந்தக் கதையை நம்ப முடியாது என்று பெஞ்சமின் பூக்லோ என்ற விமர்சகர் 1980லேயே 'ஆர்ட்ஃபோரம்' பத்திரிகையில் எழுதிவிட்டார். நான் அதைப் படிக்காமலே பேசிக்கொண்டிருந்தேன். இன்னொரு விஷயமும் அப்போது எனக்கு உறைக்கவில்லை. கதையில் இரக்கமே உருவாக வரும் அந்தக் கிரிமியத் தாத்தார்களை, அதே 1944 மே மாதத்தில், ஒரு ஜனக்கூட்டம் முழுவதையும், ஸ்டாலினின் அரசு ரயில்பெட்டிகளில் அடைத்து மத்திய ஆசியாவுக்கு நாடு கடத்தியது. பாய்ஸின் கதையில் அவர்கள் கொழுப்பைத் தடவிவிட்டு மறைந்துவிடுகிறார்கள். அதற்கு மேல் கதைக்கு அவர்கள் தேவைப்படவில்லை. எனக்கும் தேவைப்படவில்லை.

இது முதல் பிழை. இரண்டாவது பிழை இதைவிடப் பெரியது என்று இப்போது நினைக்கிறேன். கூட்டத்தின் கடைசியில், நேரமாகிவிட்டதால், பாய்ஸ் காஸல் நகரத்தில் ஏழாயிரம் ஓக் மரங்கள் நட்டதையும் ஒவ்வொரு மரத்தின் பக்கத்திலும் ஒரு கல்லை நட்டதையும் இரண்டு நிமிஷத்தில் சொல்லி முடித்தேன். கைப்பிடிச் சுவர் ஓரமாக உட்கார்ந்திருந்த ஒரு நண்பர், கோயில் திருப்பணிகளில் கல்வேலை பார்த்தவர், அன்றைக்கு முதல் தடவையாக வாயைத் திறந்தார்: "ஏழாயிரம் கல்லையும் எங்க இறக்குனாங்க? யாரு தூக்குனது?" எனக்குத் தெரியவில்லை. "அதெல்லாம் நிர்வாக விஷயங்க" என்றேன். இரண்டொருவர் சிரித்தார்கள். அவர் பேசாமல் பீடி பற்ற வைத்துக்கொண்டார்.

அவர் கேட்டதுதான் கேள்வி. அந்தச் சிற்பமே அந்தக் கேள்வியில்தான் இருக்கிறது. கல்லை எங்கே இறக்கினார்கள் என்று தெரியாமல் பாய்ஸைப் பற்றிப் பேசுவது, தாத்தார் கதையை நம்பிக்கொண்டு பேசுவதைவிட மோசம்.

காஸல் ஜெர்மனியின் நடுவில், ஹெஸ்ஸன் மாநிலத்தில் இருக்கும் நடுத்தர ஊர். ஆயுதத் தொழிற்சாலைகள் இருந்த ஊர். அதனால் 1943 அக்டோபர் 22 இரவு பிரிட்டிஷ் விமானங்கள் பழைய நகரத்தை எரித்துத் தீர்த்தன. ஒரே இரவில் ஏறத்தாழ 10,000 பேர் செத்துப்போனார்கள். ஊர் நடுவே ஃப்ரீட்ரிஷ் சதுக்கம். அதன் ஓரத்தில் 1779இல் கட்டி முடித்த ஃப்ரிடெரிசியானும் என்ற அருங்காட்சியகம். பொதுமக்களுக்கென்றே ஐரோப்பாவில் கட்டப்பட்ட முதல் சிலவற்றில் ஒன்று. யுத்தத்தில் அதுவும் எரிந்து கூடாகிவிட்டது. அந்தக் கூட்டை ஓரளவு ஒழுங்குபடுத்தி, 1955இல் ஆர்னால்ட் போடே என்ற ஓவியர் ஒரு நவீனக் கலைக் கண்காட்சி வைத்தார். ஹிட்லர் காலத்தில் சீரழிந்த கலை என்று விரட்டப்பட்டவை ஜெர்மானியர் கண்ணெதிரே திரும்பி வந்தன. அதுதான் டாக்குமென்டா. சில வருஷங்களுக்கொரு முறை நடந்து, இன்றுவரை தொடர்கிறது.

ஏழாவது டாக்குமென்டா 1982இல். பாய்ஸுக்கு அப்போது வயது அறுபது தாண்டிவிட்டது. டூஸல்டார்ஃப் கலைக் கல்லூரியில் பேராசிரியராக இருந்து, இடமில்லை என்று திருப்பி அனுப்பப்பட்ட மாணவர்களையும் சேர்த்துக்கொள்வேன் என்று அலுவலகத்தை ஆக்கிரமித்து, 1972இல் வேலை போனவர். ஒவ்வொரு மனிதனும் கலைஞன் என்பவர். சமூகமே ஒரு சிற்பம், அதை எல்லோரும் சேர்ந்து உருட்டித் திரட்ட வேண்டும் என்பதை 'சமூகச் சிற்பம்' என்று பெயரிட்டுப் பேசிப் பேசிக் கரும்பலகைகளை நிரப்பியவர். பசுமைக் கட்சியைத் தொடங்கியவர்களில் ஒருவர். இந்த வாசகங்களை நாமும் எழுபதுகளிலிருந்து ஒருவருக்கொருவர் சொல்லிக்கொண்டிருக்கிறோம். ஒவ்வொரு மனிதனும் கலைஞன் என்பதற்கு நம் கூட்டங்களில் எப்போதும் ஆமோதிப்பு உண்டு. கரும்பலகையோடு நின்றுவிடுவதால் யாருக்கும் செலவில்லை. பாய்ஸுமே அதுவரை பெரும்பாலும் கரும்பலகையோடுதான் நின்றார் என்பது என் அபிப்ராயம். 1982இல் அப்படி நிற்க முடியவில்லை.

அவர் செய்தது இது. பசால்ட் என்னும் எரிமலைக் கல் 7000 துண்டுகளைக் காஸலுக்கு அருகே இருந்த ஒரு கல்குவாரியிலிருந்து லாரிகளில் கொண்டுவந்து, ஃப்ரிடெரிசியானும் எதிரே, சதுக்கத்தின் புல்தரையில் கொட்ட வைத்தார். எரிமலைக் குழம்பு குளிர்ந்து சுருங்கும்போது, ஐந்து பட்டை ஆறு பட்டையாகத் தானே வெடித்துத் தூண் தூணாக நிற்கும் கல் அது. உளி படவில்லை. ஒவ்வொன்றும் நட்டால் தரைக்கு மேல் நான்கடி சுமாருக்கு நிற்கும். குவியல் ஆப்பு வடிவத்தில் நீண்டு கிடந்தது. ஆப்பின் கூர்முனையில் பாய்ஸ் முதல் ஓக்கை நட்டு, அதன் பக்கத்தில் முதல் கல்லை நட்டார். நட்ட நாள் 1982 மார்ச் 16. விமானம் விழுந்து சரியாக முப்பத்தெட்டு வருஷம். தேதிகள் இரண்டும் பதிவில் இருப்பவை. அதற்கு மேல் இதைப் பற்றி நான் ஒன்றும் சொல்லப்போவதில்லை. கதை சொல்லி ஒரு தடவை மாட்டிக்கொண்டது போதும்.

நிபந்தனை ஒன்றுதான். ஊரில் எங்காவது ஒரு மரம் நடப்பட்டால்தான் குவியலிலிருந்து ஒரு கல் போகும். மரம் நடாமல் கல்லை அப்புறப்படுத்த வழியில்லை.

இந்த நிபந்தனையைக் கொஞ்சம் நின்று யோசிக்க வேண்டும். மரம் நடுவது புண்ணிய காரியம். அமைச்சர் நடுகிறார், நடிகர் நடுகிறார், பள்ளிக்கூடத்தில் நடுகிறார்கள், புகைப்படம் வருகிறது, பிறகு ஆடு மேய்கிறது. நடாமல் விட்ட மரத்தை யாரும் பார்க்க முடியாது. இல்லாத ஒன்றுக்கு ஸ்தூலம் கிடையாது. பாய்ஸ் நடாத மரங்களை ஊர் நடுவே குவித்துப் போட்டார். காஸல்வாசி ஒருவன் வேலைக்குப் போகும்போதும் வரும்போதும், இன்னும் நடப்படாத ஆறாயிரத்துச் சொச்சம் மரங்களும், அருங்காட்சியகத்தின் அழகை மறைத்துக்கொண்டு, கன்னங்கரேலென்று கிடந்தன. கடன்காரன் வீட்டுத் திண்ணையில் வந்து உட்கார்ந்துவிட்ட மாதிரி. அழகான சதுக்கம் திரும்ப வேண்டுமென்றால் மரம் நட்டாக வேண்டும். மரத்தைப் பிடிக்காதவனுக்கும் கல்லைப் பிடிக்காததால் மரம் நடும் நிர்ப்பந்தம்.

காஸல்காரர்களுக்குக் கல் பிடிக்கவில்லை. சிலர் இரவில் வந்து கற்கள் மீது இளஞ்சிவப்புச் சாயம் அடித்துவிட்டுப் போனார்கள். கார் நிறுத்தும் இடம் போகிறது என்று புகார். இடிபாடு மாதிரி இருக்கிறது என்று எரிச்சல். இந்தக் கடைசி எரிச்சலை நான் மதிக்கிறேன். 1943இல் அந்த ஊரில் உயிரோடு இருந்த ஒருவர், 1982இல் அதே சதுக்கத்தில் கல்குவியலைப் பார்க்கும்போது என்ன பார்த்திருப்பார் என்று கண்காட்சிக்கு வெளியூரிலிருந்து வந்துபோகிறவனுக்குத் தெரியாது. பாய்ஸுக்குத் தெரியும். அவர் அந்த யுத்தத்தில் விமானத்தில் இருந்தவர்.

ஓக் மரமும் களங்கமற்ற மரம் அல்ல. ஜெர்மானியர் தங்கள் தேசியத்தையே ஏற்றி வைத்த மரம் அது. 1933க்குப் பிறகு ஊர் ஊராக 'ஹிட்லர் ஓக்' நட்டார்கள். 1936 பெர்லின் ஒலிம்பிக்கில் தங்கப்பதக்கம் வென்றவர்களுக்குத் தொட்டியில் ஓக் கன்று கொடுத்தார்கள். அந்தத் தலைமுறையில், பதினைந்து வயதில் ஹிட்லர் இளைஞர் படையில் சேர்ந்து, தானே முன்வந்து விமானப்படைக்குப் போன ஒருவர், முதுமையில் ஏழாயிரம் ஓக் என்று அறிவிக்கிறார். பிராயச்சித்தமா, பழைய மயக்கத்தின் மிச்சமா? பாய்ஸ் தன் கடந்த காலத்தை நேராகச் சொல்லாமல் புராணமாக்கிக்கொண்டார் என்ற பூக்லோவின் குற்றச்சாட்டு இங்கேயும் நிற்கும். ஓக் என்றால் என்றென்றைக்கும் புனிதம் என்ற தொனியில் பாய்ஸ் பேசியபோதெல்லாம் எனக்கு அது சங்கடமாகவே இருக்கிறது.

ஆனால் ஊருக்குள் இறங்கியதும் அந்தத் தொனி நிலைக்கவில்லை. தெரு குறுகலாக இருந்தால் ஓக் வைக்க முடியாது. மண்ணுக்கடியில் தண்ணீர்க் குழாய், மின்சாரக் கம்பி, தொலைபேசிக் கம்பி. மரத்தின் வேருக்கு இடம் உண்டா என்று ஒவ்வொரு குழிக்கும் நகராட்சியின் துறைகளோடு பேச வேண்டியிருந்தது. எங்கே நடலாம் என்று பேட்டைக் குழுக்களும் பள்ளிகளும் குழந்தைகள் காப்பகங்களும் தெருவாசிகளும் இடம் சொன்னார்கள். சிலர் தங்கள் வீட்டு வாசலில் வேண்டாம் என்றார்கள். கடைசியில் நட்டவற்றில் பாதிக்குக் கொஞ்சம் மேல்தான் ஓக். மற்றவை லிண்டன், பிளேன், மேப்பிள், ஆஷ், செஸ்ட்நட் என்று இடத்துக்கேற்ற மரங்கள். தேசியப் புனிதம் தண்ணீர்க் குழாய்க்கு வழிவிட்டது. பெயர் மட்டும் '7000 ஓக்குகள்' என்று நின்றுவிட்டது.

அந்தப் பெயருக்கு ஒரு துணைப்பெயர் உண்டு. நகர நிர்வாகம் என்பதற்கான ஜெர்மன் சொல்லில் ஒரே ஓர் எழுத்தை மாற்றினால் நகரத்தை வனமாக்குதல் என்று ஆகும். நிர்வாகத்துக்குப் பதில் வனம் என்பது பாய்ஸின் சிலேடை. ஆனால் நடந்தது சிலேடைக்கு நேர்மாறு என்று எனக்குத் தோன்றுகிறது. ஐந்து வருஷமும் நிர்வாகம்தான் நடந்தது: அனுமதி, வரைபடம், வசந்தத்திலும் இலையுதிர் காலத்திலும் மட்டுமே நடலாம் என்ற பருவக் கணக்கு, லாரி, கூலி, ரசீது. கல்வேலை நண்பரிடம் "அதெல்லாம் நிர்வாக விஷயங்க" என்று நான் ஒதுக்கினேனே, அதுதான் சிற்பத்தின் பெரும்பகுதி. ஒவ்வொரு மனிதனும் கலைஞன் என்பது உண்மையாக வேண்டுமானால், இந்தக் குழியில் கேபிள் போகிறது, இரண்டடி தள்ளித் தோண்டு என்று சொன்ன நகராட்சிக்காரரும் அதில் சேர வேண்டும். பாய்ஸ் அவரை நினைத்துச் சொன்னாரா தெரியாது. வேலை அவரைச் சேர்த்துக்கொண்டது.

பணக் கணக்கும் சொல்லிவிடுகிறேன். மரம் ஒன்றுக்கு 500 மார்க். மரம், கல், குழி, நடவு எல்லாம் அதில் அடக்கம். கொடுத்தவருக்குச் சான்றிதழ் உண்டு. மொத்தச் செலவு நாற்பது லட்சம் மார்க் அளவுக்குப் போனதாகச் சொல்கிறார்கள். தொடக்கத்தில் முதல் கொடுத்தது நியூயார்க்கின் டியா கலை அறக்கட்டளை. எண்ணெய்க் கிணறு தோண்டும் தொழிலின் கருவிகளை வைத்துப் பெருகிய குடும்பச் செல்வம் அதன் பின்னால் இருந்தது. அதில் வந்தது மரம் நடும் சிற்பம். அதே அறக்கட்டளையின் பணத்தில், அதே சதுக்கத்தில், 1977இல் வால்டர் டி மரியா என்ற அமெரிக்கர் ஒரு கிலோமீட்டர் நீளப் பித்தளைக் கம்பியைப் பூமிக்குள் செங்குத்தாக இறக்கியிருந்தார். மேலே தெரிவது கையகல வட்டம் மட்டும். அது ஒரு கிலோமீட்டர் என்பதை நாம் நம்பிக்கொள்ள வேண்டும். பாய்ஸின் குவியலில் நம்ப ஒன்றுமில்லை, எண்ணிக்கொள்ளலாம். கதை சொல்லியே வாழ்ந்த மனிதர், எண்ணிப் பார்த்துச் சரிபார்க்கக்கூடிய ஒரே ஒரு காரியத்தைக் கடைசியில் செய்தார்.

பணம் போதவில்லை. பாய்ஸ் ஜப்பானிய விஸ்கி ஒன்றுக்கு விளம்பரத்தில் நடித்தார். 1982 ஜூன் 30 அன்று, சதுக்கத்திலேயே உலை மூட்டி, ஜார் மன்னன் கொடூர இவானின் மகுடத்தின் தங்க நகல் ஒன்றைக் கூட்டத்தின் முன்னால் உருக்கினார். நகலானாலும் தங்கம் தங்கம்தானே, பொற்கொல்லர்கள் ஆட்சேபித்தார்கள். உருக்கியதை ஒரு சிறு முயலாக வார்த்து, 'சமாதான முயல்' என்று பெயரிட்டு, 7,77,000 மார்க்குக்கு விற்று மரக் கணக்கில் சேர்த்தார். மகுடம் முயலானதைப் பற்றிப் பக்கம் பக்கமாக எழுதியிருக்கிறார்கள். 500ஆல் வகுத்தால் 1554 மரம் என்று நான் எழுதி வைத்துக்கொண்டேன்.

நமக்கு இந்த இடத்தில் நடுகல் நினைவுக்கு வரும். வரட்டும். எனக்கும் வந்தது. ஆனால் அந்த ஒற்றுமையில் இளைப்பாற முடியவில்லை. நடுகல் செத்தவனுக்கு, அவன் செய்த காரியம் முடிந்துவிட்டது. காஸலின் கல்லுக்குப் பக்கத்தில் இருப்பது இனிமேல்தான் தொடங்கவிருக்கும் ஒன்று. நட்ட அன்று கல் உயரம், கன்று ஒரு குச்சி. சில வருஷம் கழித்து இரண்டும் சமம். முப்பது நாற்பது வருஷம் கழித்து எடுத்த புகைப்படங்களில் கல் அடிமரத்தோடு ஒண்டிக்கொண்டு, மறந்துவிட்ட சாமான் போல நிற்கிறது. சிற்பியின் கை பட்டது என்று சொல்லத்தக்க ஒரே பகுதி கல்தான். அதன் விகிதம் வருஷா வருஷம் குறைந்துகொண்டே வருகிறது. தன் பங்கு இப்படிச் சிறுத்துப்போகும்படி ஒரு சிருஷ்டியை யார் திட்டமிடுவார்? நம்மில் ஒரு கவிதையின் கீழ் பெயரைப் பெரிய எழுத்தில் போடவில்லை என்று பத்திரிகையையே முறித்துக்கொண்டவர்கள் உண்டு.

பாய்ஸ் 1986 ஜனவரி 23 அன்று இறந்துபோனார். அப்போது ஏறத்தாழ 5500 மரங்கள்தான் நட்டிருந்தார்கள். சதுக்கத்தில் இன்னும் ஆயிரத்தைந்நூறு கல் பாக்கி. சிற்பி போய்விட்டார், கல் போகவில்லை. ஒரு ஓவியம் பாதியில் நின்றால் அதற்குத் தனி மதிப்பு உண்டு. பாதியில் நின்ற நாவலுக்கு முன்னுரை எழுதலாம். பாதிக் குவியலை என்ன செய்வது? பாய்ஸ் மீது எந்த அபிமானமும் இல்லாத காஸல்காரனும் இப்போது மீதி மரத்தை நட்டுத்தான் தீர வேண்டும், அல்லது தினமும் அந்தக் கல்லைச் சுற்றிக்கொண்டு போக வேண்டும். சந்தா வாங்கிக்கொண்டு மூன்று இதழோடு நின்றுபோன பத்திரிகைகளை நானும் நடத்தியிருக்கிறேன். வராத ஒன்பது இதழ்களை ஊர் நடுவே குவித்து வைக்கும் ஏற்பாடு எங்களிடம் இருந்ததில்லை. இருந்திருந்தால் ஒருவேளை நாலாவது இதழ் வந்திருக்கும்.

நட்டு முடித்தார்கள். 1987 ஜூன் 12, எட்டாவது டாக்குமென்டா தொடங்கிய நாள். கடைசி மரத்தைப் பாய்ஸின் மகன் வென்ஸல், முதல் மரத்துக்குப் பக்கத்திலேயே நட்டார். ஏழாயிரமாவது கல்லும் போயிற்று. சதுக்கம் பழையபடி காலியாகிவிட்டது. இன்றைக்கு அங்கே போகிறவனுக்குக் குவியல் இருந்த இடத்தில் பார்க்கப் புல்தான் உண்டு. அருங்காட்சியகத்தின் முன் இரண்டு மரம், இரண்டு கல். மற்றதெல்லாம் பேருந்து நிறுத்தத்திலும் பள்ளி வாசலிலும் தெரு ஓரத்திலும் கலந்து கிடக்கிறது. சிற்பம் எங்கே என்று கேட்டால் ஊரைத்தான் காட்ட வேண்டும். நான் போனதில்லை. இதையெல்லாம் புகைப்படங்களையும் புத்தகங்களையும் வைத்துத்தான் எழுதுகிறேன். மொட்டைமாடியில் பேசியதும் அப்படித்தான். இந்தத் தடவை கொஞ்சம் எண்ணிப் பார்த்தேன், அவ்வளவே வித்தியாசம்.

எல்லாம் சேகரித்து முடித்த பிறகு கல்வேலை நண்பருக்கு ஒரு கடிதம் எழுதினேன். கேட்டு இத்தனை வருஷமான கேள்விக்குப் பதில்: கல்லைச் சதுக்கத்தில் இறக்கினார்கள், லாரியில் ஏற்றி, மரத்துக்கு ஒன்றாகப் பங்கிட்டார்கள், ஐந்து வருஷம் ஆயிற்று. நான்கு வரியில் அவருடைய பதில் வந்தது. சௌக்கியம் விசாரித்துவிட்டு, அடுத்த கேள்வி: மரம் பெருத்து வேர் தூக்கினால் கல் சாயுமே, யார் நிமிர்த்துவார்கள்?

நகராட்சி. 2005இலிருந்து முழு வேலையும் பாதுகாக்கப்பட்ட நினைவுச்சின்னமாகச் சட்டப் பதிவில் இருக்கிறது. பட்டுப்போன மரத்துக்குப் பதில் வேறு மரம் வைக்கிறார்கள், கல் அப்படியே இருக்கும். இதை ஒரு கார்டில் எழுதி நேற்றுத்தான் தபாலில் போட்டேன்.